கைக்குப் பொருந்தும் பிடி: பிள்ளையின் போட்டிப் பிஸ்டலில் எதை மாற்றலாம், எதை விடலாம்

2024 ஒலிம்பிக் நேரம் எல்லாருடைய வாட்ஸ்அப்பிலும் சுத்தின ஒரு படம் ஞாபகம் இருக்கும். துருக்கியின் யூசுஃப் டிகெச், வயது 51. சாதாரண ரீசேர்ட், சாதாரண மூக்குக்கண்ணாடி, ஒரு கை பொக்கெற்றுக்குள், மற்றக் கையில் பிஸ்டல். "ஒரு சாமானும் இல்லாமல் வந்து வெள்ளி எடுத்திட்டுப் போயிட்டார்" என்று எங்கட குடும்பக் குழுவில் மாமா ஒருவர் எழுதியிருந்தார். நல்ல பகிடிதான். ஆனால் அந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிச் சுடுகிற கையைப் பாருங்கோ. விரல்களுக்கும் உள்ளங்கைக்கும் அளவாகச் செதுக்கின பிடி, நுண்மையாகத் திருத்தக்கூடிய சைட், கிராம் கணக்கில் சரிசெய்த ட்ரிகர். சாமான் எல்லாம் அந்தக் கைக்குள்தான் இருக்கு. பொக்கெற்றுக்குள் கை வைத்ததும் ஸ்டைலுக்காக அல்ல. 10 மீற்றர் பிஸ்டல் சுடுகிறவர்கள் பெரும்பாலும் மற்றக் கையை பொக்கெற்றிலோ பெல்ற்றிலோ செருகிக்கொண்டுதான் நிற்பார்கள். தொங்கவிட்டால் உடம்பு ஆடும்.

இதற்கு நேர்மாறான கதை அதற்கு மூன்று வருடம் முந்தியது. 2021இல் டோக்கியோவில் இந்தியாவின் மனு பாக்கர் தகுதிச் சுற்றின் நடுவில் நிற்க, பிஸ்டல் பழுதாகிப் போனது. திருத்தி எடுக்கப் பல நிமிடங்கள் போயிற்று. மிஞ்சின குண்டுகளை ஓட்டமும் நடையுமாகச் சுட்டு 575 புள்ளி எடுத்தார். இறுதிச் சுற்றுக்கு இரண்டு புள்ளி காணாது, 12ஆவது இடம். பிறகு பரிஸில் இரண்டு வெண்கலம் எடுத்தது எல்லாருக்கும் தெரியும். "தமிழ்ப் பேர் ஒண்டும் இல்லையோ?" என்று என் மகள் கேட்டாள். இருக்கு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன். ஆனால் அவர் ரைபிள்.

மகளுக்கு இப்போது 13 வயது. நாங்கள் தெற்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். இங்கே ஊருக்கு ஊர் ஷுட்ஸன்ஃபெராயின் என்று துப்பாக்கி சுடும் சங்கம் இருக்கும், எங்கட ஊர்களில் வாசிகசாலை இருந்த மாதிரி. சட்டப்படி 12 வயதிலிருந்து பெற்றோரின் எழுத்து மூலச் சம்மதத்தோடும், பிள்ளைகளைப் பழக்கத் தகுதி பெற்றவரின் மேற்பார்வையிலும் காற்றுத் துப்பாக்கி சுடலாம். அதற்குக் குறைந்தவர்கள் குண்டு இல்லாத, ஒளியால் சுடும் துப்பாக்கியோடு பழகுவார்கள். பள்ளிக்கூடச் சிநேகிதியோடு வேடிக்கை பார்க்கப் போனவள், அடுத்த கிழமையும் போக வேணும் என்றாள்.

வீட்டில் இதைச் சொன்ன நாள் லேசான நாள் இல்லை. என் அம்மா எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அவருக்கு இது பிஸ்டலும் இல்லை, விளையாட்டும் இல்லை. துவக்கு. "உதுக்குப் பயந்துதானே ராசா நாங்கள் இஞ்ச வந்தனாங்கள்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை, இப்பவும் இல்லை. ஒருநாள் அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். பின்வரிசைக் கதிரையில் இருந்து ஒரு மணித்தியாலம் பார்த்தார். சுடாத நேரம் குழலுக்குள் நிறநூல் செருகியிருப்பது, கட்டளை வராமல் ஒருவரும் பிஸ்டலைத் தொடாதது, பிள்ளைகள் ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் இடையில் மூச்சு விட்டுக்கொண்டு சும்மா நிற்பது, எல்லாம் பார்த்தார். வெளியே வந்து கேட்டது ஒன்றே ஒன்று. "பிள்ளைக்குக் கை நோகேல்லையோ?"

நொந்தது. சங்கத்துப் பிஸ்டலின் பிடி பெரியவர்களின் கைக்கானது. இவளுடைய மணிக்கட்டு ஒவ்வொரு முறையும் உள்பக்கம் மடங்கித்தான் சைட் நேராக வந்தது. பாகம் மாற்றுகிற கதை எங்களுக்கு அங்கேதான் தொடங்கினது.

இந்த விளையாட்டில் பாகங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஓபெர்ன்டோர்ஃபில் ஃபைன்வெர்க்பாவ், உல்மில் வால்தர், ஒஸ்ரியாவில் ஸ்ரையர், சுவிஸில் மொறீனி, இத்தாலியில் பர்டீனி என்று பிஸ்டல் செய்கிறவர்கள் ஒரு பக்கம். பிடி மட்டும், சைட் மட்டும், எடைக்கட்டி மட்டும் செய்கிற சின்னக் கம்பெனிகள் இன்னொரு பக்கம். அவர்களின் விலைப்பட்டியலைத் திறந்தால் எங்களைப் போன்ற பொறியியல் மூளைகளுக்கு இனிப்புக் கடை. எதைத் தொட்டாலும் புள்ளி கூடும் போலத் தோன்றும். என் எண்ணத்தில் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வரிசை இதுதான்: முதல் பிடி, பிறகு சைட், பிறகு ட்ரிகரின் நிலை. அதுக்கு அங்கால் உள்ளதெல்லாம் பிறந்தநாள் பரிசு.

பிடி ஏன் முதல்? ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கோ. குண்டும் காற்றும் இல்லாத பிஸ்டலோடு பிள்ளை இலக்கை நோக்கி நிற்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தி, சுகமாக நிற்கும் இடத்தில் நிறுத்தி, கண்ணைத் திறக்கட்டும். முன் சைட், பின் சைட்டின் வெட்டுக்கு நடுவில் இருக்கிறதா? இருந்தால் பிடி சரி. முன் சைட் இடப்பக்கம் ஒதுங்கியோ கீழே தாழ்ந்தோ நின்றால், அதை நேராக்கப் பிள்ளை மணிக்கட்டைத் திருப்பும். ஒரு முறை அல்ல, போட்டி முழுக்க. பெரியவர்களின் சர்வதேசப் போட்டியில் 75 நிமிடத்தில் 60 குண்டு. நாற்பதாவது குண்டில் அந்த மணிக்கட்டு தன்பாட்டுக்குப் பழைய இடத்துக்குப் போகும். "கவனம் சிதறிப் போச்சு" என்று நாங்கள் பிள்ளையை ஏசுவோம்.

கணக்கு விருப்பமானவர்களுக்கு: முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைத்தூரம் சுமார் 33 சென்ரிமீற்றர் என்று வைப்போம். இரண்டும் நேராக இருக்க, முழுக் கையும் ஒரு மில்லிமீற்றர் பக்கவாட்டில் நகர்ந்தால் குண்டும் ஒரு மில்லிமீற்றர்தான் விலகும். ஆனால் முன் சைட் மட்டும், வெட்டுக்குள் ஒரு மில்லிமீற்றர் தள்ளி நின்றால் 10 மீற்றரில் அது 30 மில்லிமீற்றர். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 11.5 மில்லிமீற்றர். பத்தாக வரவேண்டியது ஏழு. கை ஆடுவதை விட மணிக்கட்டு உடைவது இவ்வளவு மோசம் என்பதால்தான் பயிற்சியாளர்கள் பிடியில் இவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள்.

பிடிகள் அளவு அளவாக வருகின்றன, மிகச் சிறியதிலிருந்து பெரியது வரை, வலக்கைக்கும் இடக்கைக்கும் தனித்தனியே. மகள் இடக்கை. சின்ன அளவில் இடக்கைப் பிடி, அதுவும் பாவித்தது, கிடைக்க எங்களுக்கு மூன்று மாதம் எடுத்தது. உங்கள் பிள்ளையும் இடக்கை என்றால் பிஸ்டல் வாங்க முதல் அந்த மொடலுக்கு இடக்கைப் பிடி கிடைக்குமா என்று கேளுங்கோ. பிடியைக் கழற்றி மாற்றுவது பெரிய வேலை இல்லை, பெரும்பாலும் ஒரு திருகாணிதான்.

பிறகுதான் செதுக்கல். எங்கட சங்கத்துப் பயிற்சியாளர் பழைய ஆள், அவர் கையாண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. பிடியைத் தனியாகக் கழற்றி எடுத்து, பிள்ளையின் உள்ளங்கையில் மலிவு லிப்ஸ்ரிக் பூசி, வழக்கம்போலப் பிடிக்கச் சொன்னார். மரத்தில் சிவப்பு எங்கே அதிகம் ஒட்டுகிறதோ அங்கே அழுத்தம் கூட. அந்த இடத்தை அரத்தாலும் மண்கடதாசியாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். சிவப்பே படாத குழிகளில் இரண்டு கலவை சேர்த்துக் குழைக்கிற மரப் பசையை வைத்து, மேலே சமையலறைப் பிளாஸ்ரிக் தாளைச் சுற்றி, பிள்ளையைப் பிடிக்கச் சொன்னார். "இறுக்கிப் பிடிக்காதே, முட்டை பிடிக்கிற மாதிரிப் பிடி." பசை காய்ந்ததும் அவளுடைய கையின் அச்சு அதிலே நின்றது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அம்மா சின்ன வயதில் பிட்டுக்கு மாக் குழைத்த கைதான் ஞாபகம் வந்தது.

இரண்டு இடங்களைக் கவனிக்க வேணும். ஒன்று, சுட்டுவிரல் மரத்தில் எங்கேயும் உரசக்கூடாது. உரசினால் ட்ரிகரை இழுக்கும்போது முழுப் பிஸ்டலும் சேர்ந்து நகரும். இரண்டு, உள்ளங்கையின் அடியைத் தாங்குகிற, மேலும் கீழும் நகர்த்தக்கூடிய தட்டு. அது கையைத் தொட்டுக்கொண்டு இருந்தால் காணும். நெரிக்கிற அளவுக்கு உயர்த்தினால் முதல் பத்துக் குண்டுக்கு நல்லாக இருக்கும், பிறகு கை நடுங்கத் தொடங்கும்.

"வளருற கைக்கு ஏன் உவ்வளவு மினக்கெடுறியள்?" என்று சங்கத்தில் ஒரு தகப்பன் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் பல நூறு யூரோ கொடுத்து அளவெடுத்துச் செய்கிற பிடியை நாங்கள் வாங்கவில்லை. பாவித்த பிடி, பசை, மண்கடதாசி. அடுத்த வருடம் கை வளர்ந்தால் பசையைச் சுரண்டி மறுபடி வைக்கலாம். ஆனால் ஒன்றுமே செய்யாமல் விடுவது சிக்கனம் இல்லை. பிழையான மணிக்கட்டோடு ஒரு வருடம் பழகினால் அதை மறக்க இன்னொரு வருடம் வேணும். சப்பாத்து இரண்டு அளவு பெரிதாக இருந்தால் "வளரும்தானே" என்று பிள்ளையை ஓட்டப் போட்டிக்கு அனுப்புவோமா?

என்னைப் போல வீட்டில் முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிடியை அச்சிடலாம், பலர் செய்கிறார்கள். ஆனால் சாதாரண பிஎல்ஏ பிளாஸ்ரிக் 60 பாகை வெப்பத்தில் இளகத் தொடங்கும். கோடையில் பூட்டின காருக்குள் அந்த வெப்பம் கஷ்டமே இல்லாமல் வந்துவிடும். போட்டிக்குப் போய்ப் பெட்டியைத் திறக்கப் பிடி வளைந்திருக்கும்.

சைட் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன் சைட்டின் அகலத்தையும் பின் வெட்டின் அகலத்தையும் நல்ல பிஸ்டல்களில் மாற்றலாம். பிள்ளைகள் உற்சாகத்தில் வெட்டை ஒடுக்கிக்கொள்ளப் பார்ப்பார்கள், அது துல்லியம் என்று நினைத்து. இரண்டு பக்கமும் வெளிச்சக் கோடு தெளிவாகத் தெரிகிற அளவுக்கு அகலமாக விடுவது நல்லது. கண் களைக்காது. கண் நிற்க வேண்டிய இடமும் முன் சைட்தான், இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும். கண்ணாடி போடுகிற பிள்ளை என்றால், தலையைத் திருப்பி நிற்கையில் பார்வை வில்லையின் ஓரத்தால் போகும். கண் வைத்தியரிடம் போகும்போது இதைச் சொல்லுங்கோ. சில பிள்ளைகளுக்கு எந்தப் பாகத்தையும் விட அந்தக் கண்ணாடிதான் பெரிய வித்தியாசம் தரும்.

ட்ரிகரில் நான் கை வைப்பதில்லை. சர்வதேச விதிப்படி 10 மீற்றர் காற்றுப் பிஸ்டலின் ட்ரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேணும். போட்டிக்கு முன் பிஸ்டலை நிமிர்த்திப் பிடித்து, ட்ரிகரில் 500 கிராம் எடையைக் கொழுவித் தூக்குவார்கள். எடை மேசையை விட்டு எழும்ப முதல் ட்ரிகர் விழுந்தால் அந்தப் பிஸ்டல் போட்டிக்குள் போகாது. போட்டி முடிந்த பிறகும் சிலரைத் தெரிந்தெடுத்துச் சோதிப்பார்கள். ஆகவே 500க்கு மயிரிழையில் நிறுத்துவதில் லாபம் இல்லை, கொஞ்சம் கூடவே வையுங்கோ. ட்ரிகர் நாக்கை முன்னே பின்னே நகர்த்தி, விரலின் முதல் கணு வந்து நேராக அமரச் செய்வது பயனுள்ள மாற்றம். அதையும் பயிற்சியாளர், சுடுதளத்தில், குழல் இலக்கைப் பார்க்க வைத்துச் செய்யட்டும்.

எடைக்கட்டிகள்? வயது வந்தவர்களுக்கு. போட்டிப் பிஸ்டல் ஒன்று ஏற்கெனவே ஒரு கிலோ அளவில் இருக்கும். விதி 1500 கிராம் வரை விடுகிறது என்பதற்காகப் பிள்ளையின் தோளில் அதை ஏற்றத் தேவையில்லை. குழல் குறுகிய, பாரம் குறைந்த மொடல்கள் இருக்கின்றன. மின்னணு ட்ரிகரும் அப்படித்தான். அருமையான பொருள், ஆனால் அதற்கு பற்றரி வேணும், திருத்த ஆள் வேணும்.

விதிகளைப் படிக்கும்போது எனக்குப் பிடித்தது ஒன்று. அவை எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: இந்தப் பாகம் கைக்குப் பொருந்துகிறதா, அல்லது கை செய்ய வேண்டிய வேலையைத் தான் செய்கிறதா? முழுப் பிஸ்டலும் 420க்கு 200க்கு 50 மில்லிமீற்றர் பெட்டிக்குள் அடங்க வேணும். பிடி மணிக்கட்டைத் தொட்டுத் தாங்கக்கூடாது. உள்ளங்கைத் தட்டு பிடியோடு 90 பாகைக்குக் குறையாமல் நிற்க வேணும், மேல்நோக்கி வளைந்து கையைக் கவ்வக்கூடாது. தொலைநோக்கிச் சைட், லேசர் ஒன்றும் கிடையாது. வெளியில் வாங்கின பிடி அழகாக இருக்கிறது என்பதற்காக விதிக்குள் இருக்கிறது என்று எடுக்க வேண்டாம். 50 மீற்றர் பிஸ்டலுக்கென்று கையையே மூடிக்கொள்கிற மாதிரிச் செய்த பிடிகள் இருக்கின்றன. அவை 10 மீற்றருக்குச் செல்லாது.

சுடுகிற கையில் தாங்கு கொடுக்கக்கூடிய காப்பு, மணிக்கூடு, பட்டி எதுவும் கூடாது என்பதும் விதி. மகளின் இடக்கையில் கோயில் நூல் கட்டியிருந்தது. நூல் எந்தத் தாங்கும் கொடுக்காது, ஆனாலும் போட்டி அன்று ஒரு நடுவரோடு கதைத்துக்கொண்டு நிற்க எங்களுக்கு விருப்பமில்லை. இதை அப்பம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, மகளே போய்ச் சொல்லிவிட்டாள். "அதுக்கென்ன" என்று அவிழ்த்து, தானே வலக்கையில் கட்டிவிட்டார்.

பாவித்த பிஸ்டல் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பிடியும் இல்லை, குழலும் இல்லை. காற்று உருளை. அதற்குள் 200 பார் அழுத்தம் இருக்கும், அதில் உற்பத்தித் திகதி அடித்திருக்கும். உற்பத்தியாளர்கள் பொதுவாகப் பத்து வருடம்தான் சொல்கிறார்கள். திகதி முடிந்த உருளையோடு போட்டிக்குப் போக முடியாது, வீட்டில் வைத்து நிரப்புவதும் புத்தி இல்லை. "நல்ல விலைக்கு வந்தது" என்று வாங்கின பிஸ்டலுக்கு உடனே புது உருளை வாங்க வேண்டி வந்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும்.

வேகத்தைக் கூட்டுகிற பாகம் எதையும் தொடவே வேண்டாம். போட்டிப் பிஸ்டலில் குண்டு செக்கனுக்கு 150 மீற்றர் அளவில் போகிறது. 10 மீற்றரில் உள்ள கடதாசிக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. ஆனால் சட்டம் அந்த இடத்தில்தான் கோடு கீறியிருக்கிறது. ஜெர்மனியில் 7.5 ஜூலுக்குள் இருந்து, ஐங்கோணத்துக்குள் எஃப் முத்திரையும் இருந்தால்தான் 18 வயதானவர் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வாங்கலாம். கனடாவில் வேகம் செக்கனுக்கு 500 அடியையும் சக்தி 5.7 ஜூலையும் தாண்டினால் அது உரிமம் தேவைப்படும் துப்பாக்கி. இங்கிலாந்தில் ஒரு வரம்பு, ஸ்கொட்லாந்தில் தனிச் சான்றிதழ், அவுஸ்திரேலியாவில் காற்றுப் பிஸ்டலும் கைத்துப்பாக்கிச் சட்டத்துக்குள்தான். நீங்கள் இருக்கிற நாட்டில் என்ன என்று சங்கத்தில் கேட்டுவிட்டே வாங்குங்கோ.

எங்கட வீட்டில் பிஸ்டல் என் பெயரில், பூட்டின பெட்டியில், திறப்பு என்னிடம். போகும் வழியிலும் பூட்டின பெட்டிதான். மகளின் சிநேகிதிகள் வீட்டுக்கு வந்தால் "காட்டன்" என்று கேட்பார்கள். காட்டுவதில்லை. அதில் எனக்கும் அவளுக்கும் பேச்சே இல்லை.

மாற்றம் செய்யும்போது நான் என் தொழிலிலிருந்து கொண்டுவந்த பழக்கம் ஒன்று: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். பிடியைத் தொட்டால் இரண்டு கிழமைக்கு சைட்டைத் தொடுவதில்லை. ஒரு கொப்பியில் திகதி, என்ன மாற்றினோம், எத்தனை சுற்றுத் திருகினோம், கை நொந்ததா என்று மகளே எழுதுகிறாள். புள்ளி எழுதுவதில்லை. புள்ளி எழுதினால் ஒரு நல்ல நாளைப் பார்த்துப் பிழையான திருகை நம்பிவிடுவோம்.

இப்போது வீட்டில் ஓடுகிற பேச்சு வேறு. 14 வயதானால் சட்டம் .22 குண்டு சுடுகிற பிஸ்டலுக்கும் மேற்பார்வையோடு இடம் கொடுக்கிறது. சங்கத்தில் 25 மீற்றர் தளம் இருக்கு, பிஸ்டலும் சங்கத்தினுடையது. மகள் ஒக்ரோபரில் 14. "அது வேற, இது வேற" என்கிறா என் மனைவி. காற்றுப் பிஸ்டல் வரைக்கும் வந்தவ, வெடிமருந்துக்கு வரமாட்டன் என்கிறா. எனக்கும் முழு மனம் இல்லை. பயிற்சியாளர் இன்னும் ஒரு வருடம் 10 மீற்றரிலேயே நிற்கலாம், நட்டம் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அதற்கிடையில் பிடி மறுபடி சின்னதாகிப் போச்சு. வாற சனிக்கிழமை பசையைச் சுரண்ட வேணும்.